‘அடுத்த அட்டெம்ட்ல பார்த்துக்கலாம்’

ஆசிரியருக்கு வணக்கம்.

சி.ஏ. தேர்வு முடிவு வெளியான மறுநாள் பத்திரிகைகளில் வழக்கமாக ஒரு பேட்டி வரும். தரவரிசையில் இடம்பிடித்தவர், ‘தினமும் 14 மணி நேரம் படித்தேன், மொபைலைத் தொடவே இல்லை’ என்பார். ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்ற மூன்று கட்டங்களில் நடுவிலுள்ள இன்டரில் இரண்டு தடவை கோட்டைவிட்ட மாணவர் அதைப் படித்துவிட்டு அன்று இரவே நாலு மணிக்கு அலாரம் வைப்பார். மூன்றாம் நாள் அலாரம் அடிக்கும், கை தானாகப் போய் அணைக்கும். ஒரு வாரத்தில் ‘இந்த அட்டெம்ட் வேண்டாம், அடுத்ததில் பார்த்துக்கலாம்’ என்று ஆகிவிடும். இந்தப் பாடங்களைச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் நாங்கள். அந்தப் பேட்டிகளில் இடம்பெறாத சிலவற்றை எழுதுகிறோம். மாணவர்களுக்காக மட்டுமல்ல, வீட்டில் ஒரு சி.ஏ. மாணவரை வைத்துக்கொண்டு ‘எப்பப்பா முடிப்ப?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்காகவும்தான்.

முன்பு மே, நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு வாய்ப்புகள்தான். ஃபவுண்டேஷனும் இன்டரும் 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கின்றன. ஃபைனலும் 2025 முதல் ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்றாகிவிட்டது. தவறியவருக்கு இது பெரிய வரம். தள்ளிப்போடுபவருக்கு இதுவே வினை. நாலே மாதத்தில் இன்னொரு தேர்வு வருகிறது என்றால் இந்தத் தேர்வை விட்டுவிட மனம் சுலபமாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் அப்படி விடும்போது கையைவிட்டுப் போவது என்ன என்பதைப் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. இன்டரிலும் ஃபைனலிலும் ஆறு பேப்பர்கள், மும்மூன்றாக இரண்டு குரூப். குரூப்பில் தோற்றாலும் ஒரு பேப்பரில் 60 எடுத்திருந்தால் அந்தப் பேப்பருக்கு எக்ஸெம்ப்ஷன், அதாவது மறுபடி எழுத வேண்டாம் என்ற விலக்கு, உண்டு. அது அடுத்த மூன்று தேர்வுகளுக்குச் செல்லும். முன்பு மூன்று தேர்வு என்றால் ஒன்றரை ஆண்டு. இப்போது ஒரே ஆண்டு. நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த மூன்று தேர்வுகள் ஓடிவிடும். கஷ்டப்பட்டு வாங்கிய 60இன் பலனைச் சும்மா இருந்தே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு.

இன்னொரு நஷ்டம் கடைசி மாதத்தில் நடக்கிறது. இரண்டு குரூப்புக்கும் விண்ணப்பித்துவிட்டு, பயம் வந்ததும் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் எழுதி, ஒவ்வொரு பேப்பரிலும் 40க்குக் குறையாமல், மொத்தம் 600க்கு 300 வந்துவிட்டால் இரண்டு குரூப்பும் பாஸ். ஒரு குரூப்பில் 141தான் வந்தது, மற்றதில் 163 என்றாலும் கரையேறலாம். ஒரு குரூப் மட்டும் எழுதினால் அந்த 141 தோல்விதான். அதனால் ஒன்றா இரண்டா என்பதைப் படிப்பின் தொடக்கத்திலேயே, கையிலுள்ள மணிக்கணக்கை வைத்து முடிவுசெய்ய வேண்டும். ஹால் டிக்கெட் வந்தபின் பயத்தை வைத்து முடிவுசெய்யும் விஷயமல்ல அது.

அந்த மணிக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலை ஷிஃப்டில் பி.காம். படித்துக்கொண்டு இன்டருக்குத் தயாராகும் மாணவர் ஒருவர். இரண்டு தேர்வுகளுக்கு நடுவே சுமார் 17 வாரம். வாரநாளில் 5 மணி நேரம், சனி ஞாயிறில் எட்டெட்டு என்றால் வாரத்துக்கு 41, மொத்தம் 697. கல்லூரி இன்டர்னல், பண்டிகை, சித்தப்பா மகள் கல்யாணம், இரண்டு நாள் காய்ச்சல் என்று ஐந்தில் ஒரு பங்கு போகும், போகத்தான் போகும். மிச்சம் 557. ஆறு பேப்பருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 93 மணி நேரம் தேறாது. அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் வீடியோ வகுப்பே பல இடங்களில் 100 மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறது. ஆகவே வகுப்பையே முடிக்காதவர் 17 வாரத்தில் இரண்டு குரூப்பையும் புதிதாகத் தொடங்கி எழுதுவது கணக்கிலேயே நிற்காது. அவருக்கு ஒரு குரூப்தான். வகுப்பை முன்பே முடித்தவருக்கு 93 தாராளம். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுவிட்டால் பாதிப் பதற்றம் அடங்கும். போடாதவர்தான் ‘இன்னும் நாள் இருக்கு’ என்றும் ‘ஒண்ணுமே முடியாது’ என்றும் ஒரே வாரத்தில் மாறி மாறிச் சொல்வார்.

தள்ளிப்போடுபவர் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று வீட்டில் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் நாள் முழுக்க மேஜையில்தான் இருப்பார். வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார். டெலிகிராமில் வந்த நாலு ஆசிரியர்களின் நோட்ஸைப் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போடுவார். எக்ஸெலில் கலர் கலராக டைம்டேபிள் போடுவார். பிறகு அது பிசகியதும் வரும் திங்கட்கிழமையிலிருந்து புதிதாக ஒன்று. ஸ்டடி மெட்டீரியலில் விடையைப் படித்து, வரிக்கு வரி மஞ்சள் மார்க்கர் போட்டு, ‘ம், புரியுது’ என்று அடுத்ததற்குப் போவார். இத்தனையிலும் ஒன்று மட்டும் நடக்காது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் ஒரு கேள்விக்கு விடை எழுதுவது. அதைத்தான் அவர் ஒத்திப்போடுகிறார். எழுதினால்தானே தெரியாதது தெரியவரும்! அந்தப் பயத்துக்குச் சோம்பல் என்று பெயர் வைத்துத் திட்டினால் பயம் இன்னும் கூடும், அவ்வளவுதான்.

ஆகவே மருந்தும் அங்கேதான். ‘இன்று ஜி.எஸ்.டி. படிக்க வேண்டும்’ என்று நோட்டில் எழுதாதீர்கள். அது வேலையே அல்ல, கடல். ‘காலை 6.15, ஆர்.டி.பி., இன்புட் டாக்ஸ் கிரெடிட், 3ஆம் கேள்வி, 5 மதிப்பெண், 10 நிமிடம், புத்தகம் மூடி’ என்று எழுதுங்கள் (ஆர்.டி.பி. என்பது ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்). இதை முந்தின இரவே எழுதி, கேள்வித்தாளை அந்தப் பக்கத்தில் திறந்து, பேனா, கால்குலேட்டர், வெள்ளைத்தாள் மூன்றையும் மேஜையில் வைத்துவிட்டுத்தான் படுக்கப்போக வேண்டும். காலையில் எந்தப் பாடம், எங்கே பேனா என்று தேடும் ஐந்து நிமிடத்தில்தான் கை மொபைல் பக்கம் போகிறது. காபி குடித்த டம்ளரைக் கழுவிவைத்ததும் நேரே நாற்காலி என்று ஒரு செயலோடு இன்னொன்றை முடிந்துவிட்டால், ‘உட்காரலாமா’ என்ற யோசனைக்கே இடம் இருக்காது. மொபைல் அடுக்களையில் இருக்கட்டும். வகுப்பே மொபைலில்தான் என்பவர்கள் வீடியோவை இரவே இறக்கிவைத்துக்கொண்டு டேட்டாவை அணைத்துவிடலாம்.

பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தொழிற்சாலை மூன்று வாகனங்கள் வாங்குகிறது. இயக்குநர் வந்துபோக ஒரு கார், அதற்கு ஜி.எஸ்.டி. 1,20,000 ரூபாய். ஊழியர்களை ஏற்றிவர ஓட்டுநரையும் சேர்த்து 18 பேர் உட்காரும் வண்டி, வரி 3,60,000. சரக்கு ஏற்ற லாரி, வரி 2,80,000. இந்த வரியில் எவ்வளவை, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம், அதாவது எவ்வளவு கிரெடிட் எடுக்கலாம்? விடையைப் படித்தே பழகியவரின் தலையில் ‘17(5), மோட்டார் வெஹிக்கிள், பிளாக்டு’ என்ற மூன்று சொற்கள் மட்டும் தங்கியிருக்கும். மூன்றுக்கும் கிரெடிட் இல்லை என்று எழுதுவார். சட்டத்தின் அந்த 17(5) பிரிவு தடுப்பது, ஓட்டுநரைச் சேர்த்து 13 பேருக்கு மேற்படாத, ஆட்களை ஏற்றும் வாகனத்தை. அதிலும் வாகன வியாபாரம், பயணிகள் போக்குவரத்து, ஓட்டுநர் பயிற்சி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 18 இருக்கை வண்டி தடைக்குள் வராது. லாரி ஆட்களை ஏற்றும் வண்டியே அல்ல. ஆக 6,40,000 ரூபாய் எடுக்கலாம், காருக்கு மட்டும் இல்லை. இந்த ஒரு கேள்வியைத் தப்பாக எழுதி, விடையோடு ஒப்பிட்டு, ‘13’ என்ற எண்ணைச் சிவப்பில் வட்டமிட்டவர் அதை மறப்பது கடினம். பத்து முறை மஞ்சள் மார்க்கர் போட்டவருக்கு ஹாலில் அது 12ஆ 13ஆ என்று சந்தேகம் வரும்.

இது ஆசிரியர்களின் பிடிவாதம் மட்டுமல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். திரும்பப் படிப்பது ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது என்பது இதில் தெரிகிறது. படித்த கையோடு பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும்.

தியரி பேப்பருக்கும் இதே வழிதான். ஆடிட்டிங்கில் எஸ்.ஏ. 570 என்ற தணிக்கைத் தரநிலையைப் படித்தாயிற்றா? மூடிவைத்துவிட்டு, நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்று சந்தேகப்பட வைக்கும் அறிகுறிகளை நிதி சார்ந்தவை, செயல்பாடு சார்ந்தவை, பிற என்று மூன்று தலைப்பில் எழுதுங்கள். தலைப்புக்கு மூன்று வந்தால் போதும். அடுத்த நாள் ஒருமுறை, நாலாம் நாள் ஒருமுறை, பன்னிரண்டாம் நாள் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை. இந்த நாள் இடைவெளி வேதவாக்கு அல்ல. கொஞ்சம் மறந்தபிறகு திரும்ப வர வேண்டும் என்பதே கணக்கு.

எழுதினால் தப்பு வரும். அந்தத் தப்புக்கு ஒரு தனி நோட்டு வேண்டும். எங்கள் அனுபவத்தில் தப்புகள் நாலே வகைதான்: விதி தெரியாதது, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காதது, கூட்டல் பிசகு, நேரம் போதாதது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. விதி தெரியாதவர்தான் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். கேள்வியைத் தவறாகப் படிப்பவர் வகுப்பை மறுபடி பார்த்து என்ன பயன்? காஸ்டிங்கில் அடிக்கடி நடப்பதைப் பாருங்கள். ஒரு பொருளுக்கு ஸ்டாண்டர்ட் 2 கிலோ, கிலோ 40 ரூபாய். திட்டமிட்ட உற்பத்தி 1,000. உண்மையில் செய்தது 900, செலவான மூலப்பொருள் 1,850 கிலோ. யூசேஜ் வேரியன்ஸ், அதாவது ஆக வேண்டிய மூலப்பொருளுக்கும் ஆனதற்கும் உள்ள வித்தியாசம், கேட்டால் அவசரக்காரர் 1,000ஐ இரண்டால் பெருக்கி 2,000 கிலோ என்று வைத்து, 150 கிலோ மிச்சம், 6,000 ரூபாய் ஃபேவரபிள் (சாதகம்) என்பார். ஸ்டாண்டர்ட் அளவை உண்மையான உற்பத்திக்குத்தான் பார்க்க வேண்டும். 900க்கு 1,800 கிலோ, 50 கிலோ கூடுதல், 2,000 ரூபாய் அட்வர்ஸ் (பாதகம்). ஃபார்முலா இருவருக்கும் தெரியும். ஒருவர் ‘உண்மையான உற்பத்தி’ என்ற சொல்லின் கீழ் கோடு போட்டார், மற்றவர் போடவில்லை. தப்பு நோட்டில் இது ‘கேள்வியைப் படிக்கவில்லை’ என்ற வகையில் ஐந்து முறை வந்தால், செய்ய வேண்டியது முக்கியச் சொற்களுக்குக் கீழே கோடு போடும் பழக்கம் மட்டுமே.

கூட்டல் பிசகு பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கம்பெனிகளை இணைக்கும் அமால்கமேஷன் கணக்கில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகாவிட்டால் இருபது நிமிடம் அதிலேயே புதைந்துவிடுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது. அந்த மூன்று நிமிடத்தில், வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது பக்கம் மாறி விழுந்திருக்கலாம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், 54,300ஐ 45,300 என்று எழுதியது போல இலக்கம் இடம் மாறியிருக்கலாம். இரண்டு கம்பெனிகளும் ஒன்றுக்கொன்று கொடுக்க வேண்டிய கடனை இரண்டு பக்கத்திலும் நீக்கினீர்களா? கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த கேள்வி. ஒர்க்கிங் நோட்ஸ் தெளிவாக இருந்தால் படிப்படியாக மதிப்பெண் உண்டு. டேலி ஆன பேலன்ஸ் ஷீட்டுக்காக ஒரு 14 மதிப்பெண் கேள்வியை விடுவது நஷ்ட வியாபாரம்.

கால்குலேட்டரையும் பலர் பாதிதான் பயன்படுத்துகிறார்கள். ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டில் வருங்காலத் தொகையின் இன்றைய மதிப்பைக் காண 10 சதவீதத் தள்ளுபடிக் காரணிகள் (டிஸ்கவுன்ட் ஃபேக்டர்) வேண்டுமென்றால் 1 ÷ 1.1 அழுத்தி, சமக்குறியைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் 0.909, 0.826, 0.751 என்று வரிசையாக வரும். ஜி.டி. (கிராண்ட் டோட்டல்) பொத்தானை அழுத்தினால் மூன்றின் கூட்டுத்தொகை, சுமார் 2.487. சில மாடல்களில் வகுத்தல் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும். உங்களுடையது எது என்பதை வீட்டிலேயே பார்த்துவையுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் புதுக் கால்குலேட்டர் வாங்குவது, கல்யாணத்தன்று புதுச் செருப்பு போடுவது மாதிரி.

இனி, எல்லா மாணவர்களும் பேசும் ‘ஒன்றரை நாள்’. பொதுவாக இரண்டு பேப்பருக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி இருக்கும். ஐந்து மணிக்கு ஒரு பேப்பரை முடித்து, வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால், அடுத்த பேப்பருக்கு உண்மையில் கையில் இருப்பது பதினைந்து மணி நேரம் படிப்பு. நாலு மாதப் படிப்பும் அந்தப் பதினைந்துக்குள் திரும்பிப் பார்க்கும்படி சுருங்கியிருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கடைசியில் போடாமல் முதல் நாளே போட்டு, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். 900 பக்க மெட்டீரியலைப் பதினைந்து மணி நேரத்தில் புரட்டக்கூட முடியாது. ஒரு பேப்பருக்கு 40 பக்கத்துக்கு மிகாத சொந்தக் கையெழுத்து நோட்டும், குறித்துவைத்த 40 கேள்விகளும் இருந்தால் முடியும். கேள்வி ஒன்றுக்கு எட்டு நிமிடம் என்று கண்ணால் ஓட்டினாலே ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். மீதியில் நோட்டு, அமெண்ட்மென்ட், கொஞ்சம் தூக்கம்.

அந்த 40 கேள்விகளை எப்படிப் பொறுக்குவது? முதல் தடவை செய்யும்போதே ஒவ்வொரு கேள்விக்கும் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். தானாக வந்தது என்றால் ஒன்றும் வேண்டாம், இனி அதைத் தொடவே வேண்டாம். தடுமாறி வந்தால் ஒரு புள்ளி. வரவே இல்லை என்றால் இரண்டு புள்ளி. இரண்டாம் சுற்றில் புள்ளி போட்டவை மட்டும். மூன்றாம் சுற்றில் இன்னும் இரண்டு புள்ளியோடு நிற்பவை மட்டும். நன்றாக வரும் கணக்கையே மறுபடி மறுபடி போட்டு சந்தோஷப்படுவதும் தள்ளிப்போடுவதில் ஒரு வகைதான். அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இதில்தான். நோட்டை மட்டும் பிறருடையதாக வாங்காதீர்கள். அடுத்தவர் சுருக்கிய நோட்டு உங்களுக்கு இன்னொரு பாடப்புத்தகம்.

மாதிரித் தேர்வு எழுதச் சொன்னால் ‘சிலபஸ் முடித்துவிட்டு எழுதுகிறேன்’ என்பார்கள். சிலபஸ் ஒருபோதும் முடியாது. சி.ஏ. தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட் (ஐ.சி.ஏ.ஐ.) ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் மாதிரி வினாத்தாளும் ஆர்.டி.பி.யும் தன் இணையதளத்தில் இலவசமாகவே போடுகிறது. பழைய வினாத்தாள்களின் விடைகளும் அங்கேயே இருக்கின்றன. தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிருந்து வாரம் ஒன்று, அதுவும் மதியம் 2 மணி முதல் 5 மணி வரை எழுத வேண்டும். தேர்வு நேரம் அதுதான். விடியற்காலையில் மட்டுமே படித்துப் பழகிய மூளை, மே மாதக் கத்திரி வெயிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும். சாப்பாடு எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையும் இந்த ஒத்திகையிலேயே முடிவுசெய்துவிடலாம். தயிர்சாதம் நல்ல உணவுதான், 1.30க்கு வயிறு முட்ட அல்ல.

இன்டரில் 30 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், 70 எழுதும் கேள்விகள். முதல் வகைக்கு 40 நிமிடம், கடைசிச் சரிபார்ப்புக்கு 10 நிமிடம் ஒதுக்கினால் 130 நிமிடம் மிஞ்சும். 14 மதிப்பெண் கேள்வி ஐந்து என்றால் ஒன்றுக்கு 26 நிமிடம். 26ஆவது நிமிடத்தில் எங்கே இருந்தாலும் நிறுத்தி அடுத்த கேள்விக்குப் போகும் பழக்கம் நாலைந்து ஒத்திகை இல்லாமல் வராது. 1.45 முதல் 2 மணி வரை தரும் வாசிப்பு நேரம் எந்தக் கேள்வியை விடுவது என்று முடிவுசெய்யத்தான். ஃபவுண்டேஷனில் மூன்றாம், நான்காம் பேப்பர்களில் தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். இன்டரில் அப்படிக் கழிப்பதில்லை. அதனால் ஒன்றைக்கூட நிரப்பாமல் விடக் கூடாது.

வீட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார இடமில்லாதவர்கள் பலர். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்ட நூலகத்தையோ, பக்கத்து ஊர் இன்ஸ்டிட்யூட் கிளையையோ விசாரிக்கலாம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் தள்ளிப்போடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். சட்டம் புரிகிறது, வாக்கியம் வரவில்லை. அவர்களுக்கு எங்கள் யோசனை, விடையை மூன்று கால்களில் நிறுத்துங்கள். ‘ஆஸ் பெர் செக்‌ஷன்’ என்று விதி இரண்டு வரி. ‘இன் தி கிவன் கேஸ்’ என்று கேள்வியிலுள்ள விவரம் இரண்டு வரி. ‘ஹென்ஸ்’ என்று முடிவு ஒரு வரி. செக்‌ஷன் எண் நினைவில்லையென்றால் தப்பான எண்ணைப் போடாமல் சட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு இப்படி இரண்டு விடைகள், மூன்று மாதத்தில் 180. மொழி அலங்காரத்துக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

வருமான வரியைத் தொடாமல் இருக்க இப்போது புதிதாக ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது. 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் என்று ஆகியிருக்கிறது. ‘செக்‌ஷன் எல்லாம் மாறுதே, எதுக்கு இப்பவே’ என்கிறார்கள். உங்கள் தேர்வுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தம் என்பதை இன்ஸ்டிட்யூட்டின் அறிவிப்பில் ஒருமுறை பார்த்து, மேஜைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். எண்கள் மாறினாலும் சம்பளம், வீட்டுச் சொத்து, தொழில், மூலதன ஆதாயம், பிற என்ற ஐந்து தலைப்புகளில் வருமானத்தைக் கணக்கிடும் முறை மாறவில்லை. கணக்கை இப்போது போடுங்கள். எண்ணைக் கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

ஃபைனல் மாணவர்களின் நிலை வேறு. புதிய பாடத்திட்டத்தில் இன்டர் இரண்டு குரூப்பும் முடித்தபின் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி), அதன்பின் ஆறு மாதம் படிப்பு, பிறகு தேர்வு. வேலையும் படிப்பும் மோதாது என்று பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு ஆண்டு கண்ணெதிரே தேர்வே இல்லை என்பது தள்ளிப்போடுபவருக்குத் திறந்துவிட்ட மைதானம். மாதம் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1, 20ஆம் தேதி 3பி என்ற ஜி.எஸ்.டி. படிவங்கள், செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் என்று நாள் ஓடிவிடும். ‘ஃபைலிங் முடியட்டும்’ என்றால் ஃபைலிங் என்றுமே முடியாது. செய்கிற வேலையோடு படிப்பைக் கட்டிவிடுவது ஒன்றே வழி. ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட்டுக்குப் போகும் வாரம் வாராக்கடன் விதிகளைப் படியுங்கள். கடன்காரர்களுக்குக் பாக்கித் தொகையை உறுதிசெய்யச் சொல்லும் கன்ஃபர்மேஷன் கடிதம் அனுப்பும் வாரம் எஸ்.ஏ. 505. நிர்வாகம் அனுப்பவிடாமல் தடுத்தால் ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கே கண்ணெதிரே நடக்கும், மறக்காது. இன்ஸ்டிட்யூட்டின் ஆன்லைன் பாடங்களாக, சுயமாக முடிக்க வேண்டிய நாலு மாட்யூல்களையும் முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். அவற்றை முடிக்காமல் ஃபைனல் எழுத முடியாது. கடைசி ஆறு மாதத்தில் அவற்றுக்கும் நேரம் ஒதுக்குவது வீண்.

தோற்றவர்கள் முடிவு வந்து 30 நாளுக்குள் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். பலர் அதைப் பார்க்கவே அஞ்சுகிறார்கள். அஞ்சாமல் வாங்கிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் கையெழுத்து சிதறுகிறது, எங்கே ஒர்க்கிங் நோட் இல்லை, கடைசிக் கேள்விக்கு எத்தனை வரி எழுதினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 38 என்ற எண்ணிலிருந்து எதுவும் கற்க முடியாது. அந்த 38 எப்படி வந்தது என்பதிலிருந்து முடியும்.

பெற்றோருக்கு ஒன்று. ‘எத்தனை மணி நேரம் படிச்சே?’ என்று கேட்காதீர்கள். ‘இன்னைக்கு எத்தனை பக்கம் எழுதினே?’ என்று கேளுங்கள். எழுதிய தாளைக் காட்டச் சொன்னால் காட்ட முடியும், மணி நேரத்தைக் காட்ட முடியாது. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் பிள்ளை வராவிட்டால் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள், அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள். அடுத்த முடிவு வரும்போது முதலிடம் பிடித்தவரைப் பேட்டி காணும் உங்கள் நிருபர் மூன்று கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கட்டும்: முழு நீள மாதிரித் தேர்வு எத்தனை எழுதினீர்கள், ஒன்றரை நாள் நோட்டு எத்தனை பக்கம், எந்தப் பாடத்தைத் தொடப் பயந்தீர்கள். அப்படியே நாலாவது முயற்சியில் 302 வாங்கித் தேறிய ஒருவரையும் தேடிப்பிடித்து அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இடம் போதாவிட்டால் முதலிடத்தின் புகைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.